திண்டிவனம் முத்திரையைப் பாகம் பிரித்த கதை

என் அக்கா கெங்கம்மாளைக் கட்டிய துரைக்கண்ணு மாமா திண்டிவனத்தில் ரப்பர் ஸ்டாம்பு செய்கிறவர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் ஒரு பொந்து மாதிரி கடை. சுற்று வட்டாரத்தில் எந்தப் பஞ்சாயத்துத் தலைவர் ஜெயித்தாலும் கழுத்து மாலை வாடுவதற்குள் மாமாவிடம் ஓடி வருவார். 'தலைவர்' என்று ஒரு ஸ்டாம்பு கைக்கு வந்த பிறகுதான் தான் தலைவர் என்று அவருக்கே நம்பிக்கை வரும். தலைமையாசிரியர், பால் சொசைட்டி செயலாளர், வாரச்சந்தை குத்தகைக்காரர், எல்லாருடைய அதிகாரத்தையும் மாமாதான் ரப்பரில் வார்த்துக் கொடுத்தார். ஆனால் தான் செய்த ஸ்டாம்பை அவர் ஒரு நாளும் மதித்ததில்லை. "இது அழுத்தினா அமுங்கற ஜாதி. முத்திரைன்னா தபாலாபீஸ் முத்திரைடா, இரும்பு" என்பார்.

அந்த இரும்பு முத்திரையில்தான் மனுஷன் பைத்தியமாகிப் போனார். கடிதம் தபாலாபீஸைத் தாண்டும்போது அதன் மேல் ஓங்கிக் குத்துவார்களே, வட்டத்துக்குள் ஊர்ப் பெயரும் தேதியும், அதைத்தான் சொல்கிறேன். ஊரில் தபால் ஸ்டாம்பு சேர்க்கிறவர்கள் உண்டு. மாமாவுக்கு ஸ்டாம்பு மேல் மரியாதை கிடையாது. முத்திரை குத்த ஓர் இடம் வேண்டுமே என்று ஒட்டிய காகிதம் அது, அவ்வளவுதான். எல்லா ஊர் முத்திரையும் அவருக்கு வேண்டாம். திண்டிவனம் முத்திரை வேண்டும், வெள்ளைக்காரன் காலத்துப் பழசாக வேண்டும். ஆதியிலிருந்து எத்தனை தினுசு வட்டம் குத்தினார்கள் என்று வரிசைப்படுத்தி வைத்தால் ஊருக்கு என்ன லாபம் என்று ஒரு தடவை கேட்டேன். "ஊரு ஒண்ணு இருந்துச்சின்னு தெரியும்டா" என்றார். ஊர் இப்போதும் இருக்கிறதே, அங்கேதானே பஸ் பிடிக்கிறோம் என்று சொல்ல வந்து விட்டுவிட்டேன்.

வகைபிரிப்பு அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. வட்டம் முழுசாக விழுந்திருந்தால் முழுநிலா. ஓரமாக விழுந்து கொஞ்சம் மட்டும் தெரிந்தால் பிறை. மை அப்பி ஒன்றுமே தெரியாவிட்டால் கிரகணம். ஒற்றைக் கோட்டு வட்டம், இரட்டைக் கோட்டு வட்டம் என்று ஒவ்வொன்றிலும் உட்பிரிவு. கிரகணத்தில்தான் அவரிடம் சரக்கு அதிகம். கறுப்புக் கறை ஒன்றை விளக்குக்கு நேரே திருப்பித் திருப்பிப் பார்த்து, எக்ஸ்ரே பார்க்கிற டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "கிரகணம், ரெண்டாம் பிரிவு" என்று தீர்ப்பு சொல்வார். யாரும் மறுத்துப் பேச முடியாது. அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது.

நம் வட்டாரத்து வீடுகளில் கடிதத்தைப் படித்ததும் ஒரு கொக்கிக் கம்பியில் குத்தித் தொங்கவிடுவார்கள். வருஷக்கணக்கில் சேர்ந்து, பூச்சி தின்று, கடைசியில் யாராவது அடுப்புப் பற்றவைக்க எடுப்பார்கள். அதற்குள் அந்த வீட்டைக் கண்டுபிடித்துப் போக வேண்டும். மாமாவுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. என்னிடம் ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி இருந்தது, என் தலையெழுத்து அதோடு முடிந்தது. மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் அம்மனைப் பார்க்காமல், அக்கம்பக்கத்து வீடுகளில் கம்பியைப் பார்த்துவிட்டு வந்த ஒரே பக்தர்கள் நாங்கள்தான்.

இதனால் அக்கா பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரு தடவை எங்கள் பெரியப்பா பேத்திக்குக் கல்யாணம் என்று பத்திரிகை வந்தது. மாமா உறையின் மேலிருந்த முத்திரையைப் பார்த்தார். பழசோடு ஒப்பிட்டுப் பார்க்கப் புதுசும் வேண்டுமாம். முழுநிலா என்று பெட்டியில் போட்டார். உறைக்குள் என்ன இருந்தது என்று பார்க்கவே இல்லை. கல்யாணம் முடிந்து பெண் மறுவீடும் போய்விட்டாள். அந்த வீட்டார் அதற்குப் பிறகு அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இன்னொன்று அதைவிட மோசம். சாவுச் செய்தி வந்த கடிதத்தை எங்கள் வீடுகளில் வைத்திருக்கக் கூடாது. படித்ததும் கிழித்து வெளியே போட்டுவிட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கிளியனூரில் எங்கள் சித்தப்பா செத்து கருமாதிக் கார்டு வந்தது. அக்கா அழுதுகொண்டே அதைக் கிழிக்கப் போனபோது மாமா குறுக்கே கையை நீட்டினார்.

"இரு, இரு. இது முழுநிலா."

அக்காவுக்கு அழுகை நின்றுவிட்டது. அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கார்டைப் பொடிப்பொடியாகக் கிழித்து, அவர் பொறுக்க முடியாதபடி சாக்கடையில் போட்டாள். "ஊர்ல இருக்கற மனுஷனெல்லாம் கடுதாசில இன்னா எழுதியிருக்குதுன்னு பாப்பான். எனக்குன்னு வாய்ச்சிது பாரு" என்று சொல்லிக்கொண்டே கொல்லைக்குப் போனாள்.

இந்த உலகத்தில் மாமாவைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் விழுப்புரம் தேவசகாயம். அவருக்கு இருந்த ஒரே எதிரியும் அதே தேவசகாயம்தான். ரயில் தபாலில் கடிதம் பிரிக்கும் வேலை பார்த்து ரிட்டையரானவர். மாமாவைவிட ஆறேழு வயது மூத்தவர். மாமா திண்டிவனத்துக்குச் செய்ததை அவர் விழுப்புரத்துக்குச் செய்தார். இருவருக்கும் நடந்த வழக்கு இதுதான்: தேதி போட்ட முத்திரை முதலில் வந்தது எந்த ஊருக்கு? தேவசகாயத்திடம் பழைய விழுப்புரம் முத்திரை ஒன்று, வருஷம் பளிச்சென்று தெரிகிற மாதிரி, இருந்தது. அதற்கு முந்திய திண்டிவனம் முத்திரை மாமாவிடம் இல்லை. என்ன வருஷம் என்று இங்கே நான் எழுதப்போவதில்லை. இரண்டு ஊரிலும் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், எனக்கெதற்கு வம்பு.

இருவரும் வாரம் தவறாமல் திட்டிக் கார்டு எழுதிக்கொண்டார்கள். "ஜங்ஷன் இல்லாத ஊருக்கு முத்திரை ஒரு கேடா?" என்று அங்கிருந்து வரும். "ரயில் நின்று மூச்சு வாங்குகிற இடத்துக்கெல்லாம் சரித்திரம் என்று பெயரா?" என்று இங்கிருந்து போகும். இதில் வேடிக்கை என்னவென்றால், கார்டைப் பெட்டியில் போடாமல் இருவருமே நேராகத் தபாலாபீஸ் ஜன்னலுக்குப் போவார்கள். "கொஞ்சம் தெளிவாக் குத்துங்க சார்" என்று கெஞ்சிக் கேட்டு அனுப்புவார்கள். வசவு கலங்கலாக இருந்தாலும் முத்திரை கலங்கலாக இருக்கக் கூடாது. அந்தக் கார்டுகளை இவர் அங்கிருந்து வந்தவை என்று அடுக்கி வைப்பார், அவர் இங்கிருந்து போனவை என்று அடுக்கி வைப்பார்.

ஒரு கார்டு மட்டும் மாமாவை நிஜமாகவே குத்திவிட்டது. "நாளைக்கே உங்களிடம் அப்படி ஒரு முத்திரை கிடைத்தாலும் யார் நம்புவார்கள்? ரப்பர் ஸ்டாம்பு கடையில் முத்திரைக்கா பஞ்சம்?" என்று எழுதியிருந்தார் தேவசகாயம். அன்று மாமா சரியாகச் சாப்பிடவில்லை. அவர் நினைத்திருந்தால் ஒரு மத்தியான வேளையில் பழைய மையும் பழைய காகிதமுமாக எந்த வருஷத்து முத்திரையையும் செய்திருப்பார். அந்த நினைப்பே அவருக்கு அருவருப்பு. அசல் முத்திரை ஒன்று கிடைக்க வேண்டும், அது அசல்தான் என்று தேவசகாயமே தன் வாயால் சொல்ல வேண்டும். மாமாவுக்கு வாழ்க்கையில் மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான். பிள்ளைகளைக் கரையேற்றுவது, கூரையை மாற்றுவது எல்லாம் அக்காவின் ஆசைகள்.

அப்போதுதான், எண்பத்து நாலில், பிரம்மதேசத்துக் கார்டு வெளியே வந்தது.

பிரம்மதேசத்தில் தையல்நாயகி என்று ஓர் அம்மாள். ஐம்பது வயதிருக்கும், புருஷன் இல்லை, சொந்த நிலம், மல்லாட்டையும் கேப்பையும் போட்டுத் தானே நின்று வெள்ளாமை பார்க்கிறவர். இரண்டு பிள்ளைகளுக்கும் ஆகாமல் போகவே அந்த வருஷம் தை மாதம் சொத்தைப் பாகம் பிரித்துக் கொடுத்தார். வீட்டைக் காலி செய்தபோது பரண் மேலிருந்து ஒரு கடிதக் கம்பி கீழே வந்தது. அதில் மாமனாரின் அப்பா காலத்துக் கார்டு ஒன்று. ரப்பர் ஸ்டாம்பு வாங்கக் கடைக்கு வந்த அந்த ஊர் வாத்தியார் இதைச் சொன்னதும் மாமா கடையை அப்படியே போட்டுவிட்டு என் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். "ஜல்தி போடா" என்றார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தேவசகாயம் அங்கே உட்கார்ந்திருந்தார். அவருக்கு யாரோ தபால்காரர் சொல்லியிருக்கிறார்.

வாசலில் இரண்டு குட்டை பெஞ்சுகள் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம்தான் கால், மறுபக்கம் செங்கல் அடுக்கி முட்டுக் கொடுத்திருந்தது. உற்றுப் பார்த்த பிறகுதான் புரிந்தது, ஒரே நீள பெஞ்சை நடுவில் அறுத்திருக்கிறார்கள். ஒரு பாதியில் தேவசகாயம், மறு பாதியில் மாமா. தையல்நாயகி அம்மாள் கார்டைக் கொண்டுவந்து காட்டினார். அது கம்பிக்குத் தப்பித்த கார்டு, ஓட்டை மூலையில்தான் இருந்தது. விலாசப் பக்கத்தின் நட்டநடுவில், கடிதம் வந்து சேர்ந்தபோது குத்திய திண்டிவனம் முத்திரை. முழுநிலா. வட்டத்தின் மேல் வளைவில் ஊர்ப் பெயர், கீழே தேதி, அதற்கும் கீழே வருஷம். தேவசகாயத்தின் விழுப்புரம் முத்திரைக்கு முந்திய வருஷம். மாமா கார்டைப் பார்க்கவில்லை, தேவசகாயத்தின் முகத்தைப் பார்த்தார். தேவசகாயம் பூதக்கண்ணாடியை மெதுவாக மடித்துப் பையில் வைத்தார்.

அன்று மாமாவுக்கும் எனக்கும் எவர்சில்வர் டம்ளரில் காப்பி வந்தது. தேவசகாயத்துக்குக் கண்ணாடி கிளாஸில் வந்தது. ஏன் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். தேவசகாயம் அதைச் செங்கல் பக்கத்தில் வைத்தார். கிளம்பும்வரை தொடவில்லை. முத்திரையில் கோடு ஒற்றையா இரட்டையா என்று அரைமணி நேரம் பார்க்கிற மாமா, அந்த கிளாஸை மட்டும் பார்க்காத மாதிரி இருந்தார்.

அதற்குப் பிறகு இருவரும் மாறி மாறி பிரம்மதேசத்துக்கு நடையாய் நடந்தார்கள். மாமா அந்த அம்மாளுக்கு 'தையல்நாயகி, விவசாயி' என்று ஒரு ஸ்டாம்பு செய்து கொடுத்தார். அவர் அதை மூட்டைகளின் மேல் குத்தி அழகு பார்த்தார். தேவசகாயம் அவருக்குப் பட்டா மாற்றுகிற மனு எழுதிக் கொடுத்தார். யாருக்குக் கார்டு என்று கேட்டால் அந்த அம்மாள் சிரிப்பார். கடைசியில் ஐப்பசியில் ஒரு நாள் இருவரையும் ஒன்றாக வரச் சொன்னார். மழை தூறிக்கொண்டிருந்தது. அரை பெஞ்சுகள் உள்ளே தாழ்வாரத்துக்கு வந்திருந்தன.

"இத பாருங்க, ஒருத்தருக்குக் குடுத்தா இன்னொருத்தருக்கு வயித்தெரிச்சல்" என்றார் அந்த அம்மாள். "எனக்கு அந்தப் பாவம் வேணாம். என் புள்ளைங்க இந்த பெஞ்சிக்கு அடிச்சிக்கினானுங்க. ஆசாரியக் கூப்ட்டு அறுத்துட்டேன். அன்னிக்கோட சண்ட ஒழிஞ்சிது."

நான் மாமாவைப் பார்த்தேன். அவருக்கு இன்னும் விளங்கவில்லை. தேவசகாயத்துக்கு விளங்கிவிட்டது, பாதி எழுந்தார். "அம்மா, அது கார்டுங்க" என்றார்.

"தெரியும் சாரு. கார்டுதான்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் கார்டை நீளவாக்கில் சரியாக மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தி, பக்கத்திலிருந்த அருவாமணையில் ஒரே இழுப்பாக இழுத்தார். சின்னதாக 'கர்ர்' என்றது. மாமா வாயிலிருந்து வந்த சத்தத்தை எழுத எனக்கு எழுத்துத் தெரியவில்லை.

"ஏம்மா நீளவாக்குல?" என்று தேவசகாயம் மட்டும் கேட்டார்.

"குறுக்க அறுத்தா ஒருத்தனுக்கு ரோடு போவும், இன்னொருத்தனுக்கு கேணி போவும். நெலத்தயே நீளவாக்குலதான் பிரிச்சேன். ரெண்டு பக்கமும் ரெண்டு பேருக்கும் வரணும் இல்ல?" என்றார். நியாயமான பேச்சு. நிலத்துக்கு அதைவிட ஒழுங்காகப் பிரிக்க முடியாது. முத்திரைக்குத்தான் மேல் பாதியில் ஊர்ப் பெயரும் கீழ்ப் பாதியில் வருஷமும் போய்விட்டன. பின்பக்கத்தில் எழுதியிருந்ததும் அப்படியே பிரிந்தது. மேலே 'இவ்விடம் யாவரும் க்ஷேமம்' என்றும், கீழே 'அவ்விட க்ஷேமத்துக்குக் கடிதம் எழுதவும்' என்றும் இருந்தது. அதை நான்தான் படித்தேன். அவர்கள் இருவரும் திருப்பிப் பார்க்கவே இல்லை.

இரண்டு பாதியையும் ஒரு முறத்தில் வைத்து நீட்டினார். "சின்னவன் மொதல்ல எடுக்கணும். அதான் மொற."

சின்னவர் மாமா. அவர் கை இந்தப் பாதிக்கும் அந்தப் பாதிக்குமாகப் போய் வந்தது. ஊரா, வருஷமா? பிறந்து வளர்ந்த ஊரின் பெயர் ஒரு பக்கம், இத்தனை வருஷச் சண்டை மறுபக்கம். மாமா வருஷத்தை எடுத்தார். தேவசகாயம் மிச்சமிருந்த பாதியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப்பையில் வைத்தார். "துரைக்கண்ணு, உங்க ஊரு இப்ப என் பாக்கெட்ல" என்றார். எனக்கு வந்த சிரிப்பை அடக்க மழையில் போய் நின்றேன்.

வந்தது வினை. மாமாவிடம் வருஷம் இருந்தது, ஆனால் அது திண்டிவனம் முத்திரைதான் என்பதற்கு அத்தாட்சி இல்லை. தேவசகாயத்திடம் திண்டிவனம் இருந்தது, எந்த வருஷத்துத் திண்டிவனம் என்று சொல்ல வழியில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மாமாவின் வழக்கு அப்போதே ஜெயம். அதனாலேயே தேவசகாயம் வைக்க மாட்டார்.

அடுத்த வருஷம் விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஸ்டாம்பு சேர்க்கிறவர்களின் தபால் சங்கம் கண்காட்சி நடத்தியது. மணமேடைப் பக்கம் தேவசகாயத்தின் பாதி, சாப்பாட்டு ஹால் வாசலில் மாமாவின் பாதி. மெட்ராஸிலிருந்து வந்த நடுவர் நல்ல பருமன். இங்கே ஒரு பாதியைப் பார்த்துவிட்டு, அது மறப்பதற்குள் அங்கே ஓடி மறு பாதியைப் பார்ப்பார், மறுபடி ஓடி வருவார். வேர்த்துக் கொட்டியது. "ரெண்டையும் ஒரே இடத்துல வைங்களேன்" என்று கெஞ்சினார். யார் இடத்தில் என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். சங்கத்துக்காரர்கள் மண்டபத்தின் நடுவே ஒரு மேஜை போட்டார்கள். சீட்டில் யார் பெயர் முதலில் என்று அடுத்த தகராறு. மத்தியானச் சாப்பாடு வரை அது தீரவில்லை. பரிசு, பட்டாம்பூச்சி ஸ்டாம்புகளை ஒட்டிக் கொண்டுவந்திருந்த ஒரு வக்கீலுக்குப் போனது.

மாமா அன்று உடைந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ போய்க் கேளுடா. நான் கேட்டா அந்தாளு குடுக்க மாட்டான். உன் மேல அவனுக்குப் பிரியம்" என்றார். போனேன். தேவசகாயமும் அவர் மனைவி பூமாலையும் மட்டும் இருந்தார்கள். அந்த அம்மாள் டீ போட்டுக் கொடுத்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"தம்பி, அந்த வீட்ல எனக்கு தனி கிளாஸ்ல காப்பி வந்துச்சி, பாத்தீங்க இல்ல?" என்றார் தேவசகாயம். "எங்கப்பா அந்த ஊர்ல கூலிக்குப் போய்க்கினு இருந்தவரு. அதே வீட்ல அந்தம்மா கார்ட சரிபாதியா அறுத்து என் முன்னால நீட்டிச்சி. பிரம்மதேசத்துல எங்க வம்சத்துக்குச் சரிபாதின்னு கிடைச்சது இது ஒண்ணுதான். இத எப்படிங்க தம்பி குடுப்பேன்? உங்க மாமாவுக்கு அது முத்திர. எனக்கு அது பாகம்."

திண்டிவனம் வந்து மாமாவிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் ரப்பர் வெட்டிக்கொண்டிருந்த பிளேடைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் அவர் கார்டு எழுதவில்லை. மறுவாரம் விழுப்புரத்திலிருந்து, "மை தீர்ந்துவிட்டதா, மானம் தீர்ந்துவிட்டதா?" என்று ஒரு கார்டு வந்தது. மாமா முகம் மலர்ந்து, அதைவிடக் கேவலமாக ஒன்று எழுதி, தெளிவாகக் குத்தச் சொல்லி அனுப்பினார். பாதியைப் பற்றி அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை. ஆனால் கடையில் உட்கார்ந்தபடி தன் பாதியை எண்ணெய்க் காகித உறையிலிருந்து எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

எண்பத்தாறு ஆவணியில் தந்தி வந்தது. தேவசகாயம் போய்விட்டார். நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்ததே எங்களுக்குத் தெரியாது. மாமா தந்தியைப் படித்தார். அதன் மேலும் திண்டிவனம் முத்திரை இருந்தது. எனக்குத் தெரிந்து ஒரு முத்திரையை அவர் பார்க்காமல் விட்டது அன்று ஒரு நாள்தான். அக்கா அவர் கையிலிருந்து தந்தியை வாங்கிக் கிழித்து வெளியே போட்டாள். அவர் தடுக்கவில்லை.

விழுப்புரம் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. பெட்டிக்குள் தேவசகாயம் வெள்ளைச் சட்டையில் இருந்தார். ஞானப்பாட்டு நடந்துகொண்டிருந்தது. தபால் சங்கத்துக்காரர்கள் நாலைந்து பேர் ஓரமாக நின்று மாமாவைப் பார்த்துக் காதைக் கடித்துக்கொண்டார்கள். "பாதி வாங்க வந்துட்டாரு பாரு" என்று ஒருவர் சொன்னது எனக்கே கேட்டது. நானும் அப்படித்தான் நினைத்தேன், ஏன் பொய் சொல்ல வேண்டும். இன்று மட்டும் கேட்டுத் தொலைக்காமல் இருக்க வேண்டுமே என்று மாமாவின் பின்னாலேயே நின்றேன்.

மாமா பெட்டிக்குப் பக்கத்தில் போனார். சட்டைப்பையிலிருந்து எண்ணெய்க் காகித உறை ஒன்றை எடுத்து, தேவசகாயத்தின் சட்டைப்பையில் பதமாகச் செருகினார். பாப்பாவுக்குப் பொத்தான் போடுவது மாதிரி பையின் பொத்தானையும் போட்டுவிட்டார். "முழுசா எடுத்துக்கினு போங்க" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். தேவசகாயத்தின் பாதியும் அவரோடுதான் போகிறது என்று நினைத்துவிட்டார். நான் அதிர்ந்து அவர் கையைப் பிடிப்பதற்குள் பாதிரியார் வந்துவிட்டார். பெட்டியை மூடினார்கள். கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் மூன்று பிடி மண் போட்டோம். மாமாவும் போட்டார்.

வீட்டுக்குத் திரும்பியதும் பூமாலை அம்மாள் மாமாவை உள்ளே கூப்பிட்டார். மேஜை மேல் மாமா எழுதிய கார்டுகள் வருஷவாரியாக அடுக்கியிருந்தன. மேலே 'திண்டிவனம், நடப்பு' என்று சீட்டு. அம்மாள் ஒரு பழுப்பு உறையை எடுத்து நீட்டினார்.

"ஆஸ்பத்திரில இருக்கும்போதே சொல்லிட்டாருங்க. 'அந்த ரப்பர் ஸ்டாம்புகாரன் கண்டிப்பா வருவான். அவன் கேக்கறதுக்கு முன்னாடி இதக் குடுத்துடு. கேட்டுட்டான்னா குடுக்காத'ன்னாரு. நீங்க கேக்கவே இல்லீங்களே" என்று சொல்லி அழுதார்.

உள்ளே மேல் பாதி இருந்தது. திண்டிவனம் என்று ஆங்கில எழுத்து, வளைவாக, ஓர் எழுத்துகூடச் சிதையாமல். கூடவே ஒரு துண்டுச் சீட்டில் தேவசகாயத்தின் கையெழுத்து: 'அசல்தான்.' மாமா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். என்னைப் பார்த்து, சொல்லாதே என்று தலையை மட்டும் ஆட்டினார். அந்தச் சீட்டுக்காகத்தான் மனுஷன் இத்தனை வருஷம் ஊர் ஊராக அலைந்தது.

திரும்பும்போது விக்கிரவாண்டி தாண்டி என்னால் பொறுக்க முடியவில்லை. "மாமா, மண்ணு இன்னும் ஈரமாதான் இருக்குது. பாதிரியாரக் கேட்டுப் பாத்தா இன்னா?" என்றேன்.

"வாய மூடிக்கினு ஓட்டுடா" என்றார். அழுகிறார் என்று அவர் குரலில் தெரிந்தது. நான் மயிலம் கூட்டுரோடு வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினேன்.

மறு வருஷம் அதே மண்டபத்தில் மறுபடி கண்காட்சி. மணமேடைப் பக்கத்துச் சட்டகத்தில் ஒரே ஒரு பாதிக் கார்டு. கீழே சீட்டில் தேவசகாயத்தின் பெயர் முதலில், மாமாவின் பெயர் இரண்டாவது. மெட்ராஸ் நடுவர் வந்தார், இன்னும் கொஞ்சம் பருத்திருந்தார். பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். சங்கத்துக்காரர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். புதைந்துபோன பாதியில் இருந்த வருஷம் என்னவென்று மாமாவுக்கு மனப்பாடம். கடைக்குப் போனால் அதை ரப்பரில் செய்து குத்த பத்து நிமிஷம் போதும். அது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

"பிரமாதமான முத்திரை" என்றார் நடுவர். "போன தடவ இன்னொரு பாதி இருந்துச்சே. வருஷம் எங்க?"

மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தேவசகாயம் சார் வெச்சிருக்காருங்க" என்றார்.

நடுவர் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த சட்டகத்துக்குப் போனார்.